விளிம்பு தட்ட ஊற்றிய தேநீர்

கோகந்த்,
சில்லா வெயிலின் கடைசி வாரம்

என் செல்ல மகள் முஹய்யோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவனைக் கேட்டுக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், நான் சுகம், உன் அப்பா என்னைவிடச் சுகம், அவருடைய புறாக்கள் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நான் பேசி அனுப்பும் செய்திகளைத் திறக்காமலே வைத்திருக்கிறாய், அதுவும் எனக்குத் தெரியும், இப்போதெல்லாம் போனே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் தன் புருஷனிடம் கொரியாவுக்கு வருகிறாள், அவள் பெட்டியில் ஆப்ரிகாட் வற்றலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். நடுவில் பல இடத்தில் உன் அப்பாவைத் திட்டியிருப்பேன். நன்றாகத் திட்டினாள் என்று அங்கேயே மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி.

இந்த வருஷம் சில்லா மனிதரை உரித்து எடுக்கிறது. நாற்பது நாள் வெயில் என்று பெயர், ஆனால் இந்த முறை முதல் நாளே நாற்பது நாள் வெயிலையும் கொட்டிவிட்டது. தக்காளி செடியிலேயே வெந்து போனது. மதியத்தில் தெருவில் நாய்கூட இல்லை. புத்தி உள்ளவர்கள் இந்த நேரத்தில் நிழலில் படுத்துக் கிடப்பார்கள். உன் அப்பாவுக்குப் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர, அவர் எனக்கு ஓய்வு கொடுக்கவில்லை. கோடைச் சமையலறைக் கூரைமேல் புறாக்கூண்டுக்கு இரண்டாவது மாடி எழுப்பினார். நம் வீட்டுக்கே தரைத் தளம் மட்டும்தான், கவனி. புறாவுக்கு வெயில் அடிக்கிறதாம், விருந்தாளி அறையில் நான் ஆசையாகப் போட்டிருந்த செர்ரி நிறத் திரையைக் கழற்றி, நனைத்து, கூண்டுக்குக் கட்டினார். கேட்டால் “வாயைத் தொறந்துக்கிட்டு மூச்சு வாங்குதுங்க, பாவம்ல” என்றார். நானும் தந்தூர் அடுப்புக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டுதான் மூச்சு வாங்குகிறேன், எனக்கு யாரும் திரை கட்டவில்லை. அப்புறம் பழைய சலவை இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, நாணல் பாயைக் கட்டி, அறையைக் குளிர வைக்க ஒரு யந்திரம் செய்தார். ஓட்டிக் காட்ட என்னைக் கூப்பிட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியதும் அடுக்கி வைத்திருந்த மெத்தைகள் அத்தனையும் நனைந்து ஊறிப் போயின. அறை குளிர்ந்தது என்னவோ உண்மை, படுக்கத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. முற்றத்து வாய்க்காலைத் திருத்துகிறேன் என்று தோண்டினார், இப்போது தண்ணீர் காய்கறிப் பாத்தியை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போகிறது. எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார். சாயங்காலம் ஆனால் நுனியில் கந்தல் கட்டிய நீளக் கம்பைச் சுழற்றி, விசில் அடித்து, புறாக்களைக் கிளப்பி விடுவார். அவரைப்போலவே தலை நரைத்த நாலைந்து பேர் சுவர் ஓரம் கூடி, கழுத்தை மல்லாத்தி, “அடடா, அடடா” என்பார்கள். அப்படி என்ன வானத்தில் நடந்துவிட்டது என்று கேட்டால், ஒரு புறா கரணம் போட்டு நிமிர்ந்ததாம். பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நீ இலியோரைப் பற்றிச் சொன்னாய். நீங்கள் இரண்டு பேரும் அங்கே மூன்று வருஷமாக ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறீர்கள், மனம் ஒத்துப் போயிற்று, அவனுடைய அப்பா மமஜான் ரிஷ்டானிலிருந்து நம் வீட்டுக்குப் பேச வருவார், நல்லபடியாக நடத்துங்கள் என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துடைத்தேன். உன் அப்பா தன் பங்குக்கு வெளிக்கதவுக்கு வண்ணம் அடிக்கிறேன் என்று கிளம்பினார். பாதிக் கதவு நீலமானதும் வண்ணம் தீர்ந்து போனது, கடையில் அதே நீலம் கிடைக்கவில்லை. “அதனால என்ன, தொறந்து வெச்சுட்டா பழைய பக்கம் சுவரோட போயிடும், யாருக்குத் தெரியும்” என்றார். விருந்தாளி வரும்போது காற்று அடித்துச் சாத்தினால் என்ன செய்வது என்று கேட்டேன், செங்கல் வைக்கிறேன் என்றார். அன்று காலையில் நான் ஒரு வேலை செய்தேன். கூண்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். இன்றைக்கு ஒரு நாள் மேலே பார்க்காமல் மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லித்தான் அவரைத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே, தப்சான் மேடையில் உட்கார வைத்தேன். அவரும் புதுத் தொப்பி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மமஜானும், பேச்சை முடித்து வைக்க ஷராஃபத் அக்காவும் வந்தார்கள். நம் தெருவில் ஷராஃபத் அக்கா வாய் வைக்காமல் ஒரு கல்யாணம் நடந்தது உண்டா? சலாம், குசலம் எல்லாம் முறையாக நடந்தது. நான் ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டு, சம்சா சுட்டு எடுக்கத் தந்தூரண்டை போனேன். உள்ளே கையை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன், தப்சான் பக்கம் திடீரென்று பேச்சே இல்லை. தட்டோடு வந்து பார்க்கிறேன், மமஜான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார். விரிப்பில் அவருடைய கோப்பை. விளிம்பு தட்டத் தேநீர், இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழியும். நம் ஊரில் மரியாதைப்பட்டவருக்குக் கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றுவோம், அடிக்கடி ஊற்றலாம், இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இதை நடக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கை ஏந்தி ஆமீன் சொல்லாமல், ஒரு வாய் குடிக்காமல், மகளைப் பெற்றவன் வீட்டு விரிப்பிலிருந்து எழுந்து போனார் அந்த மனிதர். உன் அப்பா கெண்டியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஷராஃபத் அக்கா தலைத்துணி நுனியை வாயில் வைத்துக்கொண்டு, போகிறவரைப் பார்த்து, “தப்பா நினைக்காதீங்க, மேல எதிர் வீட்டுப் புறாக்கூட்டம் போச்சு, பாத்துக்கிட்டே ஊத்திட்டாரு” என்றாள். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். “ஆமா, கை தவறிடுச்சு” என்றார்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். மமஜான் மகனிடம் சொல்ல, மகன் உன்னிடம் சொல்ல, நீ போனில் கத்தினாய். உன் அப்பா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். “என்னைவிட உங்களுக்குப் புறாதான் பெருசு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அவர் போனைத் தப்சான்மேல் வைத்துவிட்டு ஏணியில் ஏறிப் போனார். நான் விடுவேனா? பெற்ற மகளுடைய வாழ்க்கையைப் புறா எச்சத்தில் போட்டு மிதித்த மனிதர் என்று தெருவெல்லாம் சொன்னேன். ரொட்டிக் கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், என் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். தெருவே சிரித்தது. அவர் போகிற இடத்தில் ஆண்கள் “யாகூப் அண்ணே, எனக்குக் கொஞ்சம் பார்த்து ஊத்துங்க” என்று கோப்பையை நீட்டுவார்களாம். வீட்டில் நான் அதைவிடப் பெரிய காரியம் செய்தேன். காலை, மதியம், இரவு, எந்த வேளைக்கும் அவருக்கு விளிம்பு தட்டத் தேநீர் ஊற்றி வைத்தேன். கொதிக்கக் கொதிக்க, தூக்கினால் விரலில் கொட்டும்படி. அவர் குனிந்து உதட்டைக் கோப்பைக்குக் கொண்டுபோய் உறிஞ்சிவிட்டு எழுந்து போவார். ஒரு நாளாவது ஏன் இப்படி என்று கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊமைக் கோட்டானோடு குடித்தனம் நடத்தினால் தெரியும்.

இவரை நம்பினால் காரியம் நடக்காது என்று நானே ரிஷ்டானுக்குக் கிளம்பினேன். கறி சம்சா சுட்டு, புது விரிப்பில் கட்டி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உன் அப்பா ஏணியிலிருந்து இறங்கி அந்த அரை நீலக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். “போகாதே” என்றார். நீங்கள் கொட்டியதை நான்தான் அள்ளியாக வேண்டும் என்றேன். “போகாதேன்னா போகாதே, மஸ்தூரா” என்றார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதரா அவர்? எப்போதும் முஹய்யோ அம்மா, முஹய்யோ அம்மாதான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் கண் தெரியவில்லை, அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய், நாலு பேர் சேர்ந்து போகிற வாடகைக் காரில் ஏறினேன்.

மமஜான் வீடு பெரிய வீடுதான். இரும்புக் கதவில் இரண்டு சிங்கத் தலை வைத்திருக்கிறார்கள். முற்றத்தில் நிஜத் திராட்சைக் கொடி இருக்கும்போதே அதன் நடுவில் பிளாஸ்டிக் திராட்சைக் குலை தொங்க விட்டிருக்கிறார்கள், பார்வைக்கு நிறைவாக இருக்குமாம். ஏசி ஓடுகிற அறையில் என்னை உட்கார வைத்தார்கள். நான் விரிப்பை அவிழ்த்து வைத்து, கையை நெஞ்சில் வைத்து, உன் அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். புறாப் பித்துப் பிடித்த மனிதர், மனதில் ஒன்றுமில்லை, கையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது என்று சொன்னேன். என் புருஷனை ஒரு பைத்தியக்காரனாக்கி அந்த மனிதருக்கு முன்னால் வைத்தேன் மகளே. மமஜானுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தாராள மனசுக்காரர் ஆகிவிட்டார். “அவரு புறாக்காரருன்னு கேள்விப்பட்டுதான் நானும் அவரு பாஷையிலேயே பேசினேன். அதுல என்னம்மா தப்பு?” என்று சிரித்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை, அவருக்கு அது மறைக்க வேண்டிய பேச்சாகவே தெரியவில்லை. “மூணு வருஷமா அடுத்தவங்க கூரைமேல சுத்தின புறா. எங்கெங்க எறங்குச்சுன்னு நாங்க கேக்க மாட்டோம், அப்படியே எடுத்துக்குறோம். ஆனா அந்தப் பெருந்தன்மையை நீங்க மறக்கக் கூடாது, அவளும் மறக்கக் கூடாதுன்னேன். ஷராஃபத் அக்காவும் பக்கத்துலதான் இருந்தாங்க. அதுக்கு உங்க வீட்டுக்காரரு பதிலே சொல்லலை, கெண்டியை எடுத்து ஊத்திக்கிட்டே இருந்தாரு.” அவர் சம்சாரமும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அழுகை வந்தது, அந்த வீட்டில் அழக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன், “உங்க மகனும் அதே மூணு வருஷம் அங்கதானே இருந்தாரு, அவரு மட்டும் எங்க உக்காந்திருந்தாரு, மசூதி மினார் மேலயா?” என்று. நான் விரிப்பின் நாலு முனையையும் திரும்ப முடிச்சுப் போட்டேன். அந்த அம்மாள் ஒரு சம்சாவைக் கையில் எடுத்திருந்தாள், அதைக்கூட நான் விட்டு வைத்திருக்க மாட்டேன், கடித்துவிட்டாள். ஒரு வீட்டுக்குக் கொண்டு போன பண்டத்தைத் திரும்பக் கட்டி எடுத்து வந்தவள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேசட்டும். ரிஷ்டான் முழுக்கப் பேசட்டும்.

காரில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் கூண்டுச் சாவி ஞாபகம் வந்தது. அன்று அவர் பறவை ஒன்றுகூட வெளியே இல்லை. எதிர் வீட்டுக்காரர் புறாவை உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அதெல்லாம் வாத்து என்பார். கதை கட்டியது ஷராஃபத் அக்கா. கல்யாணம் கைவிட்டுப் போகக் கூடாதே என்று அவளுக்குக் கவலை, உன் மானத்தைப் பற்றி அவளுக்கென்ன? இப்போது என்னைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிறாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கூரையிலிருந்து இறங்கச் சொல்லி, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கையில் ஒட்டியிருந்த தீனித் தவிட்டைத் தட்டினார். “வீட்டுக்கு வந்தவனை வெளியே போடான்னு என்னால சொல்ல முடியலை. அதான் ஊத்தினேன். உன்கிட்ட சொன்னா நீ அவகிட்ட சொல்லுவ. அந்தப் பேச்சு அவ காதுல விழ வேண்டாம். என்னைக் கிறுக்கன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்” என்றார். இப்படிப்பட்ட ஒரு மனிதரோடு நான் என்ன சண்டை போடுவது, நீயே சொல். தெருவே சிரித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாரே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் நான் அத்தனை பேரிடமும் வாயைத் திறந்திருப்பேனா? மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை, எனக்கு அது வராது. மேலே ஏறிப்போய்ப் புறாக்களின் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். இரண்டு பேரும் ஆறிப்போன சம்சாவைத் தின்றோம், வெங்காயம் தூக்கலாக நன்றாகத்தான் இருந்தது.

இப்போது உன் விஷயம். இலியோரைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. பையனை நான் பார்த்ததில்லை, அப்பன் வாய்க்கு மகனைப் பிடித்துத் தண்டிக்க முடியாது. ஆனால் அவனிடம் ஒன்று கேள். உங்கள் அப்பா பேசியது தப்பா என்று கேட்காதே, தப்பு என்று எவனும் சுலபமாகச் சொல்லிவிடுவான். அன்றைக்கு நீ அந்தத் தப்சானில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேள். பதில் சொல்லும்போது அவன் முகத்தைப் பார். பெரியவர், அப்படித்தான் பேசுவார், விட்டுவிடு என்று சொல்கிறானா, வேறு ஏதாவது சொல்கிறானா என்று கேட்டுக்கொண்டு பிறகு நீயே முடிவு செய். எந்த முடிவு செய்தாலும் உனக்கு இங்கே வீடு இருக்கிறது, மெத்தைகளும் காய்ந்துவிட்டன. இதை உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டார், சரி என்றேன், சொல்லிவிட்டு எழுதுகிறேன். அவருக்கு நீ அந்தப் பேச்சை ஒரு நாளும் கேட்கக் கூடாது. எனக்கோ, நீ அதை இப்போது ஒரு தடவை என் கையெழுத்தில் படித்து அழுது தீர்த்துவிட வேண்டும். தெரியாமல் அந்த வீட்டுக்குப் போனால் தட்டுக் கழுவும்போதும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும், சாகிற வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாய்.

ஆண்டவன் உன் தலைமேல் நிழலாக இருக்கட்டும், கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு விளங்கட்டும், உன்னை இளப்பமாகப் பேசுகிற வாய் அடைத்துப் போகட்டும். ஆப்ரிகாட் வற்றலை ஒரே நாளில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் படித்து முடித்ததும் அப்பாவுக்குப் போன் போடு. மமஜான் பேச்சை எடுக்காதே, நான் எழுதியது தெரிந்துவிடும். புறாக்கள் எப்படி இருக்கின்றன என்று கேள், அது போதும். சுவர் ஓரம் கூடுகிற கிழவர்கள் தினம் வந்து கேட்டுப் பார்க்கிறார்கள், வெயில் தணியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். வெயில் இல்லை மகளே. நீ அன்று போனை வைத்ததிலிருந்து அவர் ஒரு புறாவைக்கூடப் பறக்க விடவில்லை.

உன் அம்மா,
மஸ்தூரா